செக்ரோலில் ஏறாத முதுகு



நான் ஒரு தோட்டக் கிராணி. செக்ரோல் எழுதுவது என் பிழைப்பு. யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை கிலோ பால், எத்தனை கிலோ ஒட்டுப்பால், மழை நாள் எத்தனை, பிடித்தம் எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் அதிலே கட்டம் உண்டு. கொண்டுவந்த பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று சோதித்துப் பார்த்து எழுதவும் இடம் உண்டு. அந்தப் பாலைச் சுமந்துவந்த முதுகுக்கு மட்டும் அதிலே கட்டம் கிடையாது.

முதுகு வலி இல்லாத வீடு தோட்டத்தில் உண்டா? வாயு என்கிறோம், வயது என்கிறோம், தலையெழுத்து என்கிறோம். கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, மறுநாள் விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்கிறோம். இது தலையெழுத்தல்ல, தொழில் எழுதிய எழுத்து என்பதே என் கட்சி. தொழில் எழுதியதைத் தொழிற்சங்கம் பேசித்தான் ஆகவேண்டும்.

என் கையால் போட்ட குறி

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2014ஆம் ஆண்டு. நான் கிராணி வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. பால் எடுத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கிய ஓர் அக்காள் கால் சறுக்கிக் காண்டாவோடு உட்கார்ந்துவிட்டார். பால் கொட்டிவிடக்கூடாது என்று வாளியைப் பிடித்தாரே தவிர, தம்மைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஸ்டோருக்கு வந்து பாலை நிறுத்தபோது என்னிடம் சொன்னார்: “தம்பி, குறுக்கு பிடிச்சிருச்சுப்பா. நாளைக்கு வர முடியுமான்னு தெரியல.”

“சரிக்கா, தைலம் தேய்ச்சுப் படுங்க” என்றேன். மறுநாள் அவர் வரவில்லை. அவர் பெயருக்கு நேரே, வரவில்லை என்பதற்கான குறியைப் போட்டேன். பத்து நாள் அப்படியே போட்டேன். விபத்து என்று யாருக்கும் எழுதவில்லை. நிர்வாகமும் கேட்கவில்லை. டாக்டர் சீட்டு இல்லை. ஆகவே சம்பளமும் இல்லை.

பதினோராம் நாள் அவர் வேலைக்கு வந்தார். வராவிட்டால் நிரையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களே என்ற பயம். ஓராண்டு கழிந்தது. வலது கால் மரத்துப்போயிற்று. நடக்கும்போது பாதம் தரையை இழுக்கத் தொடங்கியது. வேலையை விட்டார். இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். என்னைக் கண்டால் “நல்லா இருக்கியா தம்பி?” என்றுதான் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடிவதில்லை.

பிறகுதான் ஒரு சங்க வகுப்பில் தெரிந்துகொண்டேன். வேலையில் நேர்ந்த விபத்தை, அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவித்தாக வேண்டும். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாளைக்கு டாக்டர் விடுப்பு எழுதியிருந்தால், அந்த நாட்களுக்குச் சொக்சோ கணக்கிடும் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். இந்தச் சட்டம் 1969இல் வந்தது. நான் பிறக்கும் முன்பே இருந்த உரிமை! நான் போட்ட ஒரு குறியில் அது அழிந்துபோயிற்று.

முதுகு என்பது ஒரே எலும்பா?

முதுகெலும்பு ஒற்றை எலும்பன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளின் கோவை. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னே 12, இடுப்பில் 5. ஆக அசையக்கூடியவை 24. அவற்றுக்குக் கீழே ஒன்றாக ஒட்டிப்போன எலும்புகள் உண்டு. பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கோவை நேர்கோடாக இராது. கழுத்திலும் இடுப்பிலும் முன்னோக்கியும், மார்புப் பகுதியில் பின்னோக்கியும் வளைந்திருக்கும். வில்லைப்போல் அதிர்ச்சியைத் தாங்குவதற்கே அந்த வளைவுகள்.

எலும்புக்கும் எலும்புக்கும் இடையிலே டிஸ்க் என்று டாக்டர்கள் சொல்லும் தட்டு இருக்கிறது. சுற்றிலும் நார் வளையம். நடுவே நீர் நிறைந்த கூழ். வளர்ந்த மனிதரின் தட்டுக்குள் இரத்தக் குழாய் ஓடுவதில்லை. அக்கம்பக்கத்திலிருந்து ஊறி வருவதுதான் அதற்கு உணவு. நாம் படுத்தால் நீரை உறிஞ்சி உப்பும். எழுந்து நடமாடினால், சுமந்தால், நீரை இழந்து தாழும். அதனால்தான் காலையில் இருந்த உயரம் மாலையில் இருப்பதில்லை. ஒன்றரை சென்டிமீட்டர் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் குறைகிறது. அந்தக் குறைவில் ஏறக்குறையப் பாதி, எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது.

இங்கேதான் பால்வெட்டுக்காரர் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கிறது. விடியுமுன் ஏன் வெட்டுகிறோம்? இரவெல்லாம் நீரை உறிஞ்சிய மரத்தில், பால் குழாய்களின் அழுத்தம் அப்போதுதான் மிகுதி. பால் நன்றாக ஓடும். அதே நேரத்தில்தான் நம் தட்டும் நீர் குடித்து உப்பி நிற்கிறது. உப்பிய தட்டோடு குனிந்தால், நார் வளையத்துக்கும் தசைநாருக்கும் விழும் இழுப்பு அதிகம். நாட்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்தது என்று 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறுகிறது. மரத்துக்கு எது நல்ல நேரமோ, அதுவே முதுகுக்குக் கெட்ட நேரம்!

கிராணியின் கணக்கு

கணக்கு எழுதும் கை சும்மா இருக்குமா? நானும் ஒரு கணக்குப் போட்டேன்.

ஒரு நிரையில் 500 மரம் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுவதற்கு ஒரு முறை, பால் எடுப்பதற்கு ஒரு முறை. ஆக ஒரு நாளைக்கு 1,000 முறை மரத்தடியில் உடம்பை வளைக்கிறோம். மாதம் 25 நாள் வேலை என்றால் 25,000 முறை. ஒட்டுப்பால் உரிப்பதும் மங்கு துடைப்பதும் இதிலே சேரவில்லை.

எல்லா வளைவும் ஒன்றல்ல. ஒன்றரை மீட்டர் உயரத்தில் திறந்த வெட்டு, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சாண் இறங்குகிறது. பட்டை இறங்க இறங்க முதுகும் இறங்குகிறது. அடிமரத்துக்கு வந்துவிட்டால், கிட்டத்தட்ட மண்ணைப் பார்த்துக்கொண்டேதான் வெட்டவேண்டும். பிறகு மேற்பட்டையை மேல்நோக்கி வெட்டும்போது கழுத்து பின்னால் சாய்கிறது. இடுப்பு பட்ட பாட்டைக் கழுத்து படுகிறது. செக்ரோலிலோ மேற்பட்டை, கீழ்ப்பட்டை என்ற பேதம் முதுகுக்காக எழுதப்படுவதில்லை.

அடுத்தது சுமை. ரப்பர் பால் தண்ணீரைவிடச் சற்றே இலேசானது. ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ. வாளிக்கு 15 லிட்டர் என்றாலும் இரண்டு வாளிக்கு 30 கிலோ. வாளியும் காண்டாவும் வேறு. அத்தனையும் ஒரே தோளில்! பல தோட்டங்களில் இப்போது பாலை மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாகச் சாக்கில் சேர்க்கிறார்கள். சாக்கைத் தரையிலிருந்து தூக்கி, உடம்பைத் திருப்பி, வண்டியில் எறிகிறோம். குனிதல், தூக்குதல், திருகுதல் மூன்றும் ஒரே வீச்சில் நடப்பதைவிட முதுகுக்குப் பெரிய பகை வேறில்லை.

உலகம் என்ன சொல்லுகிறது? அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் 1991இல் வகுத்த கணக்கில், எல்லா வசதியும் பொருந்தியிருந்தாலும் ஒருவர் தூக்கும் சுமைக்கு 23 கிலோதான் அடிப்படை அளவு. பிரிட்டனின் வழிகாட்டியில், இடுப்பு உயரத்தில் உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குவதற்கு ஆணுக்கு 25, பெண்ணுக்கு 16 கிலோ. தரையிலிருந்து தூக்கினால் அளவு இன்னும் குறைகிறது. இவை சமதரைக் கணக்கு. மழையில் நனைந்த மேடு, ஒற்றையடிப் பாதை, அட்டை, கொசு, வழுக்கும் செருப்பு ஆகியவை இந்தக் கணக்கில் இல்லை.

நாற்காலியும் விடுவதில்லை

“கிராணிக்கு என்ன? நிழலில் உட்கார்ந்திருக்கிறார்” என்று தோழர்கள் சொல்வதுண்டு. சொல்வதில் நியாயம் உண்டு. உங்கள் சுமை என்னுடையதல்ல. ஆனாலும் 1700ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதிய பெர்னார்டினோ ரமாசினி என்ற இத்தாலிய டாக்டர், எழுத்தர்களையும் விட்டுவிடவில்லை. ஓயாமல் உட்கார்ந்திருப்பதும், ஒரே விதமாகக் கையை ஆட்டுவதும் எழுத்தரின் நோய்க்குக் காரணம் என்று எழுதினார். இன்று பேனாவுக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. கூன் மட்டும் அப்படியே இருக்கிறது. சம்பள வாரத்தில் நான் எழுந்திருக்கும்போது கழுத்து மரக்கட்டை.

இப்படித்தான் உட்கார வேண்டும் என்று ஒரே ஒரு புனித நிலை கிடையாது. எந்த நிலையிலும் நெடுநேரம் உறைந்து கிடப்பதுதான் கேடு. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடந்துவிட்டு வருவது, விலையுயர்ந்த நாற்காலியைவிட மேல்.

அந்த ரமாசினி டாக்டர்களுக்குச் சொன்ன அறிவுரை ஒன்றை நாம் மனத்தில் வைக்கவேண்டும். நோயாளியிடம் “உன் தொழில் என்ன?” என்று கேளுங்கள் என்றார். முந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. முதுகு வலி என்று போனால், எத்தனை மரம் வெட்டுகிறாய், எவ்வளவு சுமக்கிறாய் என்று நம்மைக் கேட்டவர் எத்தனை பேர்? கேட்காவிட்டால் நாமே சொல்லவேண்டும். “பால் வெட்டுகிறேன், இவ்வளவு கிலோ சுமக்கிறேன், இன்ன நாளில் விழுந்தேன்” என்று சொல்லி, அதை எழுதிக்கொள்ளும்படி கேட்கவேண்டும்.

எந்த வலிக்கு என்ன பொருள்?

முதுகு வலி நமக்கு மட்டும் வந்ததல்ல. 2020ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேர் இடுப்பு வலியோடு இருந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவற்றில் பெரும்பாலானவை தசைப்பிடிப்பு போன்றவை. சில வாரங்களில் தணிந்துவிடும். அதற்காகப் பாயிலேயே கிடப்பது பழைய வைத்தியம். இயன்றவரை நடமாடுவதே நல்லது என்று இன்றைய டாக்டர்கள் சொல்லுகிறார்கள். ஆனால் ஒன்று: நடமாடு என்றால் வாளி சுமந்து நடமாடு என்று பொருளல்ல!

தட்டின் நார் வளையம் கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால், இடுப்பிலிருந்து பிட்டம் வழியாகக் கால் வரை மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கும். இதற்குச் சையாட்டிக்கா என்று பெயர். இதுவும் பலருக்கு அறுவையில்லாமலே குணமாகிறது. வயது ஏறியபின் நரம்பு போகும் வழி குறுகுவதும் உண்டு. அவர்களுக்கு நடந்தால் கால் கனக்கும். முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் சுகமாக இருக்கும். மாதவிலக்கு நின்ற தாய்மார்களுக்கு எலும்பு மெலிந்து, சிறிய அடியிலேயே முள்ளெலும்பு நொறுங்குவதும் உண்டு.

சில அறிகுறிகளுக்கு மட்டும் தைலம் தேடாதீர்கள். சிறுநீர் வராமை, அல்லது சிறுநீரும் மலமும் கட்டுப்படாமை. தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப்போதல். இரு கால்களிலும் பலம் குறைதல். பாதம் தூக்க முடியாமல் தொங்குதல். இவற்றில் எது வந்தாலும் அன்றே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று பொருள். நாள் கடந்தால் மீளாது. முதுகு வலியோடு விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் இளைப்பு இருந்தால், எலும்புக் காசநோய் போன்றவையும் இருக்கக்கூடும். அதையும் காட்டியாகவேண்டும். கீழே விழுந்தபின் தணியாத வலியும் அப்படியே.

குனியக் கற்றுக்கொடுத்தால் போதுமா?

சில நிர்வாகங்கள் சுவரில் ஒரு படம் ஒட்டுகின்றன. முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, சுமையை நெஞ்சோடு அணை என்று அதிலே இருக்கும். நல்ல படந்தான், நானும் பின்பற்றுகிறேன். அடிமரம் வெட்டும்போது ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றுங்கள். காண்டாவைத் தோள் மாற்றுங்கள். நிறைந்த இரண்டு வாளியைவிட, அரை அரையாக இரண்டு நடை மேல். எழுந்தவுடன் தரையில் குனிந்து கனம் தூக்காதீர்கள். விடியுமுன்பே எழுந்து சமைத்து, துவைத்து, பிள்ளையைத் தூக்கிவிட்டுப் பெரட்டுக்கு வரும் தாய்மார்கள் எங்கே போவார்கள்? தண்ணீர் வாளியை வீட்டு ஆண்கள் தூக்கினால் கௌரவம் குறைந்துவிடாது. புகைப்பதும் தட்டுக்குப் போகும் உணவைக் கெடுக்கிறது, அதையும் குறையுங்கள்.

ஆனால் இதோடு கடமை முடிந்தது என்று நிர்வாகம் கைகழுவினால் ஏற்க முடியாது. 1999இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் ஒருவரின் இடுப்புத் தட்டுக்குள் அழுத்தமானி வைத்து அளந்தார்கள். அவர் முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது, சும்மா நிற்கும்போது இருந்ததைப்போல் நான்கு மடங்குக்கு மேல் அழுத்தம் ஏறியது. முழங்காலை மடக்கி முறைப்படி தூக்கியபோதும் மூன்று மடங்குக்கு மேல்! முறை உதவுகிறது, ஆனால் சுமை சுமைதான். தூக்கும் முறையைக் கற்பிப்பதால் மட்டும் முதுகு வலி வராமல் தடுத்துவிட முடியவில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சொல்லுகிறார்கள். மனிதனைத் திருத்தினால் போதாது, வேலையைத் திருத்தவேண்டும்.

சங்கம் கேட்கவேண்டியது

“முதலில் சம்பளம், பிறகு முதுகு” என்று சொல்லும் தோழர்களை நான் அறிவேன். சம்பளத்தை நானும் விடச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சம்பளத்தைச் சம்பாதிப்பது எது? உளி தேய்ந்தால் வேறு உளி வாங்கலாம். முதுகு தேய்ந்தால் எந்தக் கடையில் வாங்குவது?

ஆகவே அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இவற்றை முன்வைக்கவேண்டும் என்பது என் கோரிக்கை.

முதலாவது, சுமக்கும் சுமைக்கும் தூரத்துக்கும் எல்லை. பால் சேர்க்கும் இடங்கள் கூடவேண்டும். வண்டி நிரைக்குப் பக்கத்தில் வரவேண்டும். கட்டிப்பால் சாக்கு சிறிதாகவேண்டும்.

இரண்டாவது, அடிப்பட்டை வெட்டும் நிரைக்கு மரக் கணக்கு குறையவேண்டும். அதனால் கூலி குறையக்கூடாது.

மூன்றாவது, ஆபீஸிலே காயப் பதிவுப் புத்தகம். விழுந்தது, பிடித்தது, சுளுக்கியது எல்லாம் அன்றன்றே தேதி, இடம், சுமையோடு ஏறவேண்டும். மெல்ல மெல்ல வரும் நோய்க்கு வேலைதான் காரணம் என்று பின்னால் காட்ட, பதிவைத் தவிர நமக்கு வேறு துணையில்லை.

நான்காவது, வலியைச் சொன்னவரின் நிரையைப் பறிக்கமாட்டோம் என்ற உறுதி.

இவை பிச்சையல்ல. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளியின் உடல்நலத்தைக் காப்பது முதலாளியின் கடமை என்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கவேண்டும் என்கிறது. 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்த திருத்தம், வேலையில் உள்ள அபாயத்தை மதிப்பிடும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. குனிவதும் சுமப்பதும் அபாயமில்லை என்று யார் சொல்ல முடியும்? அந்தக் குழுவிலே நம் பிரதிநிதி வாய்திறக்கவேண்டும். கடல் கடந்து வந்து நம்மோடு வெட்டும் தோழர்களையும் மறக்கக்கூடாது. 2019 முதல் அவர்களுக்கும் சொக்சோவின் வேலைக் காயப் பாதுகாப்பு உண்டு. பலர் அதை அறியார். முதுகுக்கு நாடு கிடையாது.

கடைசியாக, என்னைப் போன்ற கிராணிகளுக்கு ஒரு வார்த்தை. தொழிலாளி முதலில் வலியைச் சொல்வது டாக்டரிடமல்ல. பாலை நிறுக்கும்போது நம்மிடம்தான். அந்த நிமிஷத்தில் நாம் என்ன எழுதுகிறோமோ, அது அவர் வாழ்வில் எழுதப்படுகிறது. என் மேஜையில் இப்போது ஒரு தனி நோட்டுப் புத்தகம் இருக்கிறது. யாரும் கொடுத்ததல்ல, நானே கோடு போட்டது. தேதி, பெயர், நிரை, சுமை, என்ன நேர்ந்தது என்று ஐந்து கட்டங்கள். அந்த அக்காளின் பெயர் அதில் இல்லை. அதை எழுதவேண்டிய நாள் போய்விட்டது. இனி வரும் ஒருவர் பெயராவது, வரவில்லை என்ற குறிக்குள் புதைந்துபோகாமல் இருக்கட்டும்.

தோழர்களே, வலித்தால் சொல்லுங்கள். கிராணிகளே, சொன்னால் எழுதுங்கள். சங்கமே, எழுதியதை எடுத்துப் பேசு!